நான்கு பிடி உப்பு

பின்கதவைச் சத்தமில்லாமல் திறந்து, தன் கடைக்குள்ளேயே திருடனைப் போல நுழைந்தார் பெரியவர்.

மகன் மாவை முதல் தடவை பிசைந்து, மேலே ஈரத்துணியைப் போர்த்திவிட்டு டீ குடிக்கப் போயிருந்தான். மாவு தண்ணீரைக் குடித்து ஊறக் கால் மணி நேரம் ஆகும். அதன் பிறகு வந்துதான் இரண்டாம் தடவை பிசைவான்.

பெரியவர் துணியை விலக்கி, துளி மாவைக் கிள்ளி நாக்கில் வைத்தார். சப்பென்று இருந்தது.

ரொட்டிக் கடையை அவன் பொறுப்பில் விட்டு மூன்று வருடம் ஆகிறது. முதல் வாரமே உப்பு ஒரு கல் குறைவதாக அவருக்குப் பட்டது. கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். ஆனால் அப்பாவும் மகனும் நேருக்கு நேர் பேசுகிற வழக்கம் அந்த வீட்டில் இல்லை. மனைவி இருந்தவரை அவள் வழியாகப் பேசிக்கொண்டார்கள். அவள் போன பிறகு அதுவும் நின்றுபோனது. அவன் இல்லாத நேரம் பார்த்து ஒரு சிட்டிகை தூவினார்.

சிட்டிகை அரைப்பிடி ஆனது. அரைப்பிடி ஒரு பிடி ஆனது. இப்போதெல்லாம் நான்கு பிடி போட்டால்தான் ரொட்டி வாயில் வைக்கும்படி இருக்கிறது. வரவர இவனுக்குக் கையே விளங்கவில்லை என்று கறுவியபடி உப்புச் சாடிக்குள் கையை விடுவார். சாடியின் மூடியைக்கூட அவன் மூடி வைப்பதில்லை. அதற்கும் மனதுக்குள் ஒரு திட்டு விழும்.

பேர் வாங்கியது என்னவோ அவன்தான். முப்பது வருடமாக மாலை ரொட்டி வாங்குகிற எதிர்க்கடைத் தையல்காரர், போன வாரம் வாசலில் நின்று பத்துப் பேர் காதில் விழும்படி சொன்னார். "தப்பா எடுத்துக்காதய்யா. உன் ரொட்டியைக் கடிச்சு எனக்குப் பல்லு போனதுதான் மிச்சம். பையன் உன்னை மிஞ்சிட்டான்."

பெரியவரும் கூடச் சிரித்து வைத்தார். வீட்டுக்கு வந்தால் சாப்பாடு இறங்கவில்லை.

இன்று மாலை கடையை மகன் பெயருக்கு எழுதிக் கொடுப்பதாக ஏற்பாடு. பத்திரம் தயாராக இருந்தது. சாட்சிக் கையெழுத்துப் போட அதே தையல்காரரைத்தான் வரச் சொல்லியிருந்தது.

பெரியவர் சாடியைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றார். இந்த நான்கு பிடி இல்லாவிட்டால் இவன் யார் என்று ஒரு நாளாவது எல்லோருக்கும் தெரியட்டும். ஈரத்துணியை இழுத்து மூடிவிட்டு வெறுங்கையோடு வெளியே வந்தார். சற்று நேரத்தில் உள்ளே பிசைகிற இயந்திரம் ஓடத் தொடங்கியது.

நான்கு மணிக்கு அடுப்பிலிருந்து ரொட்டி இறங்கியது. வாசலில் நின்றவர்கள் வாங்கிக்கொண்டு போனார்கள். மகன் தானே ஒன்றை அறுத்து, மேசையில் பத்திரத்தை வைத்துக்கொண்டு பெரியவரோடு உட்கார்ந்திருந்த தையல்காரரிடம் முதல் துண்டை நீட்டினான்.

அவர் மென்றார். மெல்வது மெதுவாகி, நின்றது. அப்பாவைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார், கைக்குட்டையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார்.

"என்னய்யா இது? நோயாளிக்குச் செஞ்சதா?"

அதற்குள் வாங்கிப் போனவர்களில் இரண்டு பேர் பொட்டலத்தோடு திரும்பி வந்து நின்றார்கள். மகன் ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டான். அவன் முகம் வெளுத்தது.

பெரியவர் எழுந்தார். மூன்று வருடமாகத் தினமும் இவன் பின்னாலேயே வந்து உப்புப் போட்டது தான்தான் என்பதையும், இன்று வேண்டுமென்றே போடாமல் விட்டதையும் ஒன்றுவிடாமல் சொன்னார். சொல்லச் சொல்ல அவருக்கு மூச்சு வாங்கியது.

"இப்பப் பாருங்க இவன் லட்சணத்தை. உப்புப் போடத் தெரியாதவனுக்கா கடையை எழுதிக் கொடுக்கச் சொல்றீங்க?"

பத்திரத்தை எடுத்து நாலாகக் கிழித்து மேசையில் போட்டார்.

பொட்டலத்தோடு வந்தவர்கள் ஓசைப்படாமல் நழுவினார்கள். தையல்காரர் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மகன் இடுப்பில் கட்டியிருந்த வேலைத்துணியை அவிழ்த்தான். ஒட்டியிருந்த மாவை உதறி, நிதானமாக மடித்து, கிழிந்த தாள்களின் மேல் வைத்தான். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு அவர் முகத்தை நேராகப் பார்த்தான்.

"நீங்க வந்து போடுறது முதல் மாசமே தெரியும்ப்பா. உங்களுக்கும் கடையில ஒரு வேலை இருக்கட்டும்னு, கொஞ்சம் கொஞ்சமா நான் உப்புப் போடுறதையே விட்டுட்டேன்."