மடத்து வாசலில்

காலை வெயிலில் நாங்கள் இருவரும் வாசலில் நின்றிருந்தோம். பெனடிக்டைன் சபைக் கிறிஸ்தவத் துறவிகள் எண்ணூறு வருஷத்துக்கு முன் கட்டிய மடத்தில் இடிந்த சுவர்களும் காக்கைகளும்தான் மிச்சம். அதை ஒட்டியே இப்போதைய கன்னியர் மடம். உள்ளே போகிறவர்கள் வீடு திரும்புவதில்லை. இன்று அவள் போகிறாள்.

"இந்தக் கல்லாலயே தாங்க முடியல. நீ தாங்குவியா?" என்றேன்.

"கல்லுக்கு என் பிடிவாதம் கிடையாதே" என்று சிரித்தாள்.

"அங்கே சாப்பிடும்போதுகூடப் பேசக்கூடாதாம். நீ ஒரு மணி நேரம் வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கியா?"

"தூங்கும்போது இருந்திருக்கேன்."

"அப்பா போனப்புறம் எனக்கு நீ மட்டும்தானே?" அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். பக்கத்து அறையில் அவள் இருமல் கேட்காத வீட்டுக்கு நான் எப்படித் திரும்பிப் போவேன்?

மடத்தின் கதவு திறந்தது. கறுப்பு அங்கி அணிந்த தலைவி நேராக என்னிடம் வந்தார்.

"வீட்டில் மனசாரச் சம்மதிக்காம நாங்க யாரையும் சேர்த்துக்கிறதில்ல. சம்மதம்தானா, லியோனி?"

நான் மறுத்தால் அவள் பேசாமல் என்னோடு திரும்பி வந்துவிடுவாள். அது எனக்குத் தெரியும். அவள் கண் இமைக்காமல் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சம்மதம்" என்றேன்.

தலைவி என் தோளைத் தொட்டார்.

"அப்போ உங்க அம்மா கையை விடும்மா."