மேல்கரை மாடுகள்

"உன் மாடுதான்யா என் பொண்ணைக் கொன்னுது!"

தையல்காரர் பாய்ந்து வந்து பால்காரரின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். பள்ளிக்கூட அறையில் கூடியிருந்த ஊர் ஜனம் விலக்கிவிடக்கூட எழுந்திருக்கவில்லை.

எப்படி எழுந்திருப்பார்கள்? ஊருக்கே குடிதண்ணீர் அந்த ஆறுதான். மேல்கரையில் பால்காரரின் மாடுகள் நாளெல்லாம் ஆற்றில் இறங்கிக் கிடக்கும். கீழே, தையல்காரர் வீட்டைத் தாண்டியதும் ஊர்க் குழாய்க்குத் தண்ணீர் இறைக்கிற மோட்டார்.

மழைக்குப் பிறகு ஊரில் வீட்டுக்கு வீடு வாந்தி, பேதி. எல்லோரும் எப்படியோ எழுந்து நடமாடிவிட்டார்கள். தையல்காரரின் மூத்த பெண் மட்டும் எழுந்திருக்கவில்லை. ரெண்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தவள்.

ஆற்றுத் தண்ணீரைப் பல இடத்தில் பாட்டிலில் பிடித்துப் போன பரிசோதனை மேடம் அன்றுதான் முடிவோடு வந்திருந்தார்.

"கையை எடுப்பா. மேடம் சொல்லட்டும்" என்றார் ஊர்த் தலைவர்.

மேடம் எழுந்து தொண்டையைச் செருமினார். "தண்ணியில கிருமி நிறைய இருக்கு. அது எங்கேருந்து வருதுன்னா..."

"என் மாட்டுலேருந்துதான்" என்றார் பால்காரர்.



"தப்பு என்னுது. மாட்டை ஆத்துல விட்டது நான். எல்லாத்தையும் வித்துடறேன்."

மேடம் அவரைப் பார்த்தார். பிறகு பேசாமல் உட்கார்ந்துவிட்டார்.

"மேடம் வாயால வந்தா மானம் போயிடும்னு முந்திக்கிட்டான் பாரு" என்று பின் வரிசையில் யாரோ முணுமுணுத்தார்கள்.

"வித்துட்டா? வித்துட்டா என் பொண்ணு வந்துடுவாளா?" என்று கத்தினார் தையல்காரர்.

"வரமாட்டா தம்பி. என்ன தண்டனை சொன்னாலும் செய்யறேன்."

"ஊரையே சாணித் தண்ணி குடிக்க வச்சான்ல? ஊர் கக்கூஸை அள்ளட்டும்!" என்று ஒரு குரல். சிலர் சிரித்தார்கள்.

பால்காரர் சிரிக்கவில்லை. "சரி. ஆத்தங்கரையில இருக்கிற வீடுங்களோட செப்டிக் டேங்க் எல்லாத்தையும் என் கையால அள்ளி, சிமென்ட் பூசித் தர்றேன். முதல்ல தம்பி வீட்டுலேருந்து ஆரம்பிக்கறேன்."

மாடுகளை ஏற்ற லாரி வந்தது. அவர் மனைவி கடைசி மாட்டின் கயிற்றை மட்டும் விடவேயில்லை.

"நம்ம மாடா குழந்தையைக் கொன்னுது? எனக்கு மனசு ஒப்பலையே!"

"விடு" என்றார்.

விட்டாள். அதோடு அவரிடம் பேசுவதையும் விட்டுவிட்டாள்.

தையல்காரர் வீட்டுக் கொல்லையில் பால்காரர் இடுப்பளவு அசிங்கத்தில் இறங்கி நின்று வாளி வாளியாக அள்ளினார். கூலியாள் ஒருவரையும் பக்கத்தில் சேர்க்கவில்லை. 'கூலியை மிச்சம் பிடிக்கிறான்' என்றது ஊர்.

"என்ன பால்காரரே, இன்னைக்குக் கறவை எப்படி?" என்று மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டுவிட்டுப் போனார் ஒருவர்.

தையல்காரர் தைக்கிற வேலையைப் போட்டுவிட்டு, பின்வாசல் படியில் உட்கார்ந்து வெறித்துப் பார்த்துக்கொண்டேயிருந்தார்.

"அள்ளுய்யா. நல்லா அள்ளு."

சின்னப் பெண் எட்டிப் பார்த்தாள். "அந்தாளு பக்கம் போகாதே!" என்று வெடுக்கென்று உள்ளே இழுத்துக்கொண்டார்.

பால்காரர் நிமிரவில்லை. ஒரு தடவை குமட்டி வாந்தி எடுத்தார். வாயைத் தோளில் துடைத்துக்கொண்டு மறுபடி குனிந்தார்.

அந்த வீடு முடிந்து, அடுத்தடுத்த வீடுகளும் முடிந்தன.

பிறகு ஒரு நாள் மேடம் வந்து ஆற்றுத் தண்ணீரைப் பிடித்துப் போனார். முடிவு வந்தது. கிருமி அடங்கியிருந்தது. குழாய்த் தண்ணீரை இனி தைரியமாகக் காய்ச்சிக் குடிக்கலாம்.

"பார்த்தீங்களா மேடம்? மாடு போச்சு, கிருமியும் போச்சு!" ஊர்த் தலைவர் பெருமையாகச் சொன்னார்.

மேடம் மேல்கரைக்கு நடந்தார். பால்காரர் காலித் தொழுவத்தில் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"தண்ணி சுத்தமாயிடுச்சு" என்றார் மேடம்.

"சந்தோஷம்."

"எனக்குச் சந்தோஷமா இல்லை. கூட்டத்துக்கு முன்னாடியே உங்ககிட்ட வந்து சொன்னேனா இல்லையா? இது மாட்டுக் கழிவுல வர்ற கிருமி இல்லை, மனுஷக் கழிவுல வர்றது. உங்க மாடு இறங்கற இடத்துல அது இல்லவே இல்லை. தையல்காரர் வீட்டு டேங்க்தான் வெடிச்சுப்போய் ஆத்துல கசியுதுன்னு சொன்னேனே!"

"சொன்னீங்க."

"அந்த வெடிப்பை நீங்களே பார்த்துட்டீங்க. யார் கண்ணுலயும் படாம பூசியும் விட்டுட்டீங்க. ஆனா ஊரே உங்களைக் காறித் துப்புது. வீட்டுல பேச ஆளில்லை. இப்பவாவது உண்மையைச் சொல்லிடறேனே?"

ஆற்றோரப் பாதையில் தையல்காரர் சின்னப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார். தொழுவத்தைப் பார்த்ததும் நின்று, தூவென்று துப்பிவிட்டு நடந்தார்.

அவர் தலை மறையும் வரை பால்காரர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேண்டாம் மேடம். இப்போதைக்கு அவனுக்குத் துப்பறதுக்கு என் மூஞ்சி இருக்கு. உண்மை தெரிஞ்சா, அவன் யார் மூஞ்சியில துப்புவான்?"