மாமா பார்த்துக்கொடுத்த ஜிபிஎஸ்

"பொம்பளைங்களுக்கு மேப் எல்லாம் பார்க்க வராது தம்பி. நல்லா சத்தமா பேசுற மாதிரி ஒண்ணு எடுங்க" என்றார் அக்காவின் கணவர், கடைக்காரரிடம்.

தங்கை பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்துவைத்தாள்.

நிலத்தடியில் தண்ணீர் எங்கே இருக்கிறது என்று ஆராய்வது அவள் வேலை. ரோடே இல்லாத காட்டுக்குள் ஜீப்பை ஓட்டிவிட்டு வருகிறவள். இவரோ வீட்டை விட்டால் ஆபீஸ், ஆபீஸை விட்டால் வீடு. நடுவில் வரும் மேம்பாலத்துக்கே வியர்த்துக் கொட்டும்.

ஆனாலும் காலையில் அவளேதான் போய்க் கேட்டாள். மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஆய்வு முகாமுக்கு வழி தவறாமல் போய்ச் சேரவேண்டும், பழைய ஜிபிஎஸ் சரியில்லை, மாமாதான் வந்து நல்லதாகப் பார்த்துக்கொடுக்க வேண்டும் என்று.

மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. உடனே கிளம்பிவிட்டார். ஜீப்பில் மட்டும் ஏறமாட்டாராம், சட்டை அழுக்காகிவிடுமாம். அதனால் ஜீப்பை அவர் வீட்டு வாசலிலேயே விட்டுவிட்டு அவருடைய காரில் வந்திருந்தார்கள்.

"சாட்டிலைட்டுன்னா வேற ஒண்ணுமில்ல, கொஞ்சம் உயரமான டவர்" என்று விளக்கினார்.

கடைக்காரர் எதையோ தேடுவதுபோல் மேஜைக்கு அடியில் குனிந்துகொண்டார்.

அவள் விடவில்லை. மழையில் நனைந்தால் என்ன ஆகும்? மேப்பை முன்கூட்டியே ஏற்றிவைக்க முடியுமா? பேட்டரி தீர்ந்துபோனால்? அவர் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். ஒன்றுகூடச் சரியில்லை. அவள் பக்தியோடு தலையாட்டி, அடுத்த பெட்டியைப் பிரிக்கச் சொன்னாள்.

"நீயாவது பரவால்ல. உங்க அக்காவைத் தனியா விட்டா அடுத்த தெருவுலயே தொலைஞ்சு போயிடுவா."

தனியாக விட்டால்தானே. போன மாதம் அக்கா யாரையும் கேட்காமல் மருந்துக்கடை வரை போய்வந்தாள். அதற்குக் கிடைத்த பரிசை அவள் முழங்கையில் தங்கை பார்த்தாள். இந்த ஆளைப் போய் மாமா என்று கூப்பிட வேண்டியிருக்கிறதே என்று வாயெல்லாம் கசந்தது.

போன் அதிர்ந்தது. அக்காவிடமிருந்து செய்தி.

"மலை ஏற ஆரம்பிச்சுட்டேன். இனிமே டவர் இருக்காது. உன் ஜிபிஎஸ் ஜோரா வழி சொல்லுது."

இரண்டு முறை படித்தாள். பிறகு அழித்துவிட்டுப் போனைப் பைக்குள் போட்டாள்.

"என்னம்மா, இதையே பில் போடச் சொல்லட்டுமா?"

"வேணாம் மாமா. ஜீப்ல இருக்கறதே போதும்."

அவர் வாயைப் பிளந்துகொண்டு நிற்க, அவள் கடையை விட்டிறங்கி பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தாள்.

அவளுக்கு ஜீப் ஓட்டக் கற்றுக்கொடுத்ததே அக்காதான். கல்யாணத்துக்கு முன்னால். உனக்கு என்னென்ன தெரியும் என்று இந்த மனிதர் அக்காவை ஒருநாளும் கேட்டதில்லை.