துடுப்புவால் கரிச்சான்

“அசையாதீங்க மேடம். அதோ, கிளை நுனியில துடுப்புவால் கரிச்சான்!” என்று கிசுகிசுத்தார் வழிகாட்டி.

அந்தப் பெண் கேமராவைத் தூக்கினாள். மலைப் பூங்காவுக்குப் பறவை பார்க்க வருகிறவர்களில் இப்படி வாயே திறக்காத ஆளை அவர் பார்த்ததில்லை. அதனால் அவளுக்கும் சேர்த்து அவரே பேசினார்.

“பலே திருடன் மேடம் இது. கேட்கிற சத்தத்தை அச்சு அசலா அப்படியே திருடிடும். எங்க ஜீப் ஹாரனைக்கூட விட்டுவைக்கல.”

“ஒரு தடவை கேட்டாலே வந்திடுமா?”

“அதெப்படி? நாள் கணக்கா, காது புளிக்கிற அளவுக்குக் கேட்டாத்தான் வரும்.”

கரிச்சான் வாலை ஆட்டிவிட்டு விசிலடித்தது. இரண்டு நீளம், ஒரு குட்டை, கடைசியில் ஓர் இழுப்பு.

“இதென்ன புதுசா இருக்கு? எந்தப் பறவையோட குரல்?” வழிகாட்டி காதைத் தீட்டிக்கொண்டார்.

அவள் கையிலிருந்து கேமரா நழுவியது.

“பறவை இல்ல. தெருவுல நின்னு என்னைக் கூப்பிட என் வீட்டுக்காரர் அடிக்கிற விசில்.”

“சாரும் வந்திருக்காரா?”

“போன வருஷம் வந்தார். பள்ளத்துல விழுந்ததுமே உயிர் போயிருக்கும்னு சொல்லி, உடம்புகூடக் கிடைக்காம, மறுநாளே தேடுறதை நிறுத்தினீங்களே, அவர்தான்.”

வழிகாட்டி மெல்லப் பள்ளத்தின் பக்கம் திரும்பினார். அன்று அப்படிச் சொன்னவரே அவர்தான்.

“எவ்வளவு நாள் கேட்டா வரும்னு சொன்னீங்க?” என்றாள் அவள்.

கரிச்சான் மறுபடியும் விசிலடித்தது.