கயிறு பிடித்த மூட்டை

எதையும் கடைசிவரை பார்க்க இந்தக் காலத்தில் எவனுக்கும் பொறுமையில்லை என்று முணுமுணுத்தபடி, மலை உச்சியில் கால்மாற்றிக் கால்மாற்றி நிற்கிறார் சடையப்பன். கொழுந்து அரைக்கும் கீழ்த் தேயிலை ஸ்டோர்வரை புதிதாக இழுத்த கம்பி வெயிலில் கண்ணைக் கூசவைக்கிறது. அதன் அடிமுனையில், இறங்கிவரும் கொழுந்து மூட்டையை வாங்குவதற்கு அவர் மகள் வெள்ளையம்மா சிறு புள்ளியாய் நிற்கிறாள். கங்காணி மாயாண்டி மூட்டையைக் கம்பியில் மாட்டி, பின்னால் கட்டிய கயிற்றைப் பிடித்தபடி வழுக்கவிட்டுப் பார்க்கிறார். கம்பி கிரீச்சிடுகிறது. பாதி மலையில் கயிறு விறைக்க, மூட்டை நின்று ஆடுகிறது.

“பாத்தியா, பூ மாதிரி நிக்குது. கீழயும் இப்படித்தான் தானா நிக்கும். இனிக் கயிறு வேணாம்.”

“அது நிக்கலைங்க, நீங்க நிறுத்துனீங்க. விட்டிருந்தா எங்க நிக்கும்னு ஒங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.”

“முழுசா விட்டு மூட்டை கிழிஞ்சா தொரைக்கு யாருப்பா பதில் சொல்றது?”

“மூட்டைக்கே இம்புட்டுப் பயம். கீழ நிக்கிறது எம் மவ வெள்ளையம்மா.”

கங்காணி சிரித்துக்கொண்டே மூட்டையை மேலே இழுத்து முடிச்சை அவிழ்க்கத் தொடங்குகிறார். சடையப்பன் தலைத்துண்டை உருவி, விலகு விலகு என்று வீசியபடி குறுக்குப் பாதையில் இறங்குகிறார். கீழே அந்தப் புள்ளி கொஞ்சம் நகர்கிறது. அது போதாது என்று தோன்ற, துண்டை இன்னும் வேகமாக வீசிக்கொண்டே போகிறார்.