எதிரே போட்ட நாற்காலி

மனைவியை அடித்த பதினோரு ஆண்கள், திருப்பூர் பனியன் கம்பெனி கேன்டீனில் ஞாயிறுதோறும் கூடினார்கள். எதிரே போட்ட காலி நாற்காலியில் மனைவி இருப்பதாக நினைத்து ஒவ்வொருவராகப் பேச வேண்டும்.

கட்டிங் மாஸ்டர் பாண்டித்துரை வாராவாரம் மனைவியிடம், "ஒத்த அடிதேன் அடிச்சேன், நதியா" என்பான். உடனே காலி நாற்காலி தானாக ஒரு டைல்ஸ் தூரம் பின்னே நகரும். எட்டாம் வாரம் அது தாழிட்ட கதவில் முட்டி நின்றது.

"அவங்க பின்னால போக இனி இடமில்லீங்க," என்றார் கூட்டத்தை நடத்தும் ஆலோசகர் ஆஃப்ரின்.

பாண்டித்துரை நாற்காலியைப் பார்த்துச் சொன்னான்: "தாப்பாளப் போட்டுட்டுத்தேன் அடிச்சேன். தெறந்து விடுங்கன்னு கெஞ்சுன. நான் தெறக்கல."

தாழ்ப்பாள் தானாக விலகியது. கதவு வெயிலுக்குத் திறந்தது. பிளாஸ்டிக் நாற்காலியின் அகன்றிருந்த கால்கள், உட்கார்ந்திருந்தவள் எழுந்து போனதுபோல் மெல்ல நிமிர்ந்தன. பதினோரு பேரும் எழுந்து நின்றார்கள்.