மணியடிப்பதற்குள்

படுத்த படுக்கையாகிவிட்ட தவமணியை இரண்டு மணி நேரத்துக்கொரு தரம் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் அவள் கணவர் மகுடபதியின் லேப்டாப்பும் இரண்டு மணி நேரத்துக்கொரு தரம் நின்றுபோகும். "சிஸ்டம் மறுபடி ஸ்டார்ட் ஆகுது சார்" என்று மேலாளருக்கு போனில் சொல்லிவிட்டு, பொத்தானை அழுத்தி உள்ளறைக்குப் போவார். அந்தக் கிழட்டு இயந்திரம் முனகி முனகி எழுந்து, தயார் என்று மணியடிப்பதற்குள் முதுகுப் புண்ணைத் துடைத்து, மருந்து தடவி, நாலு வாய் கஞ்சியும் ஊட்டிவிடலாம். பொறுத்துப் பார்த்த மேலாளர் இன்று கம்பெனி ஆளையே அனுப்பிவிட்டார். வந்த ஜெரால்டு பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிப் புதிதை மாட்டினான். "இத வச்சுக்கிட்டு எப்படி சார் இத்தன நாள் ஓட்டுனீங்க? இனிமே கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள வந்துரும்." "பழசே இருக்கட்டுமேப்பா" என்றார் மகுடபதி. வேடிக்கையாகச் சொல்கிறார் என்று ஜெரால்டு சிரித்துக்கொண்டே திருகாணிகளை முடுக்கினான். அவன் போனதும் மகுடபதி பொத்தானை அழுத்தினார். வெந்நீர்க் கிண்ணத்தோடு உள்ளறை வாசலைத் தாண்டுவதற்குள் மணியடித்துவிட்டது. தவமணி, விலக்கி வைத்திருந்த போர்வையைத் தானே இழுத்து மூடிக்கொண்டாள்.

"கூப்பிடுது பாருங்க. போங்க."